கூலிக்கு எழுதிய பேனா: ஜோர்ஜ் ஓர்வெல் போட்டுக்கொண்ட கோடுகள்

1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் திகதி ஒரு மனிதரும் அவரது மனைவியும் ஸ்பெயினிலிருந்து ரயிலில் தப்பி பிரான்ஸ் எல்லையைக் கடந்தார்கள். அவரது தொண்டையில் சன்னம் துளைத்துச் சென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குரல் சரியாகத் திரும்பவில்லை. கூட நின்று போராடியவர்கள் பலர் பார்சலோனாச் சிறைகளில் கிடந்தார்கள். அவர்களைச் சிறையில் போட்டது எதிரியல்ல, அவர்கள் எந்தப் பக்கத்துக்காகப் போராடப் போனார்களோ அதே பக்கம்.

எல்லையைத் தாண்டியதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இலண்டனிலிருந்து வெளிவந்த ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ என்ற இடதுசாரி வார இதழுக்குத் தந்தியடித்ததுதான். கட்டுரை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார்கள். கண்டதை எழுதி அனுப்பினார். ஆனால் கட்டுரை தங்கள் தரப்பின் குற்றங்களைப் பற்றியது என்று தெரிந்ததும் ஆசிரியர் கிங்ஸ்லி மார்ட்டின் அதை வெளியிட மறுத்தார். சமாதானமாக, ஸ்பெயின் பற்றிய ஒரு நூலை விமர்சனத்துக்கு அனுப்பினார். விமர்சனத்திலும் அந்த மனிதர் அதே உண்மையை எழுதினார். இதழின் கொள்கைக்கு முரண் என்று அதுவும் திரும்பி வந்தது. ஆனால், அச்சிடாவிட்டாலும் விமர்சனத்துக்குரிய பணத்தைத் தருகிறோம் என்றார்கள்.

கையில் காசில்லாத ஒரு சுயாதீன எழுத்தாளருக்கு இதைவிட நல்ல சலுகை உண்டா? எழுதிய உழைப்புக்குக் கூலி வருகிறது. ஆனால் அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை. தன் வாயை மூடுவதற்கான விலையாகவே அதைக் கண்டார். கட்டுரையையும் விமர்சனத்தையும் வேறு இதழ்களில் வெளிவரச் செய்தார்.

அந்த மனிதரின் பெயர் எரிக் ஆர்தர் பிளேர். உலகம் அவரை ஜோர்ஜ் ஓர்வெல் என்று அறியும்.

போருக்குப் பிந்தைய எங்கள் ஊர்களில் எழுதிப் பிழைக்கும் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கட்டுரைக்கு இவ்வளவு, மொழிபெயர்ப்புப் பக்கத்துக்கு இவ்வளவு, தொண்டு நிறுவனத்தின் வெற்றிக் கதை ஒன்றுக்கு இவ்வளவு, அரசியல்வாதியின் உரைக்கு இவ்வளவு என்று துண்டு துண்டாக வருகின்ற வருமானம்தான். எந்த வேலையை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்ற கேள்வி ஒவ்வொரு தொலைபேசி அழைப்போடும் வருகிறது. ஓர்வெலை நாம் ‘1984’ எழுதியவராக, கண்காணிப்பு அரசைப் பற்றி எச்சரித்தவராகவே அதிகம் பேசுகிறோம். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி துண்டுக் கூலிக்கு எழுதிய ஒரு தொழிலாளி என்பதையும், அந்த வாழ்க்கையில் அவர் சில கோடுகளைப் போட்டார், சிலவற்றைத் தாண்டவும் செய்தார் என்பதையும் பேசுவது குறைவு.

பொலிஸ்காரர் எழுத்தாளரான கதை

1903 ஜூன் 25 அன்று பீகாரிலுள்ள மோதிகாரியில் அவர் பிறந்தார். தந்தை பிரித்தானிய இந்திய அரசின் அபின் திணைக்களத்தில் உத்தியோகத்தர். குழந்தையாக இருக்கும்போதே தாயோடு இங்கிலாந்து போய், உதவிப் பணத்தில் ஈற்றன் கல்லூரியில் படித்தார். பல்கலைக்கழகம் போகவில்லை. 1922இல் பர்மாவுக்குப் பொலிஸ் அதிகாரியாகப் போனார். ஐந்து ஆண்டுகள் பேரரசின் தடியாக இருந்தார். 1927இல் விடுமுறையில் வந்தவர் அந்த உத்தியோகத்தை உதறினார். நிலையான சம்பளத்தை மனச்சாட்சிக்காக விட்டது அதுவே முதல் தடவை.

அதன் பின் பரிசில் உணவகத்தில் பாத்திரம் கழுவினார், இங்கிலாந்தில் நாடோடிகளோடு அலைந்தார், பள்ளியில் படிப்பித்தார், புத்தகக் கடையில் பகுதிநேர வேலை செய்தார். 1933இல் முதல் நூல் வெளிவந்தபோதுதான் ஓர்வெல் என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

1936இல் வந்த அவரது நாவல் ஒன்றின் நாயகன், விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையை வெறுத்து விட்டுவிட்டுக் கவிஞனாக வாழ முயன்று, வறுமையில் சிதைந்து, கடைசியில் கால் நாற்றத்துக்கு விளம்பரம் எழுதும் அதே வேலைக்குத் திரும்புகிறான். ஓர்வெல் அவனைப் பரிகசிக்கவுமில்லை, வீரனாக்கவுமில்லை. காசில்லாமல் இருப்பது மனிதனை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாவலையே பின்னாளில் அவர் மறுபதிப்புச் செய்ய விடவில்லை. பட்டினி கிடந்த காலத்தில் ஒரு நூறு பவுணுக்காக எழுதியது என்று நண்பர் ஒருவருக்கு ஒப்புக்கொண்டார். பிறருடைய பணத்துக்கு மட்டுமல்ல, தன் தேவைக்கும் எழுத்தைத் தாழ்த்தியிருக்கிறேன் என்ற கணக்கு அவரிடம் இருந்தது.

ஸ்பெயின் கற்பித்த பாடம்

1936 டிசம்பரில் பார்சலோனா போய்ச் சேர்ந்தவர், பத்திரிகைக்கு எழுதும் எண்ணமும் கொண்டிருந்தார். ஆனால் பிராங்கோவின் படைக்கு எதிராகப் போராட ‘போவும்’ என்ற சிறிய மார்க்ஸியக் கட்சியின் படையணியில் சேர்ந்தார். அரகோன் முன்னரங்கில் சேற்றிலும் குளிரிலும் பேனிலும் மாதக் கணக்கில் கிடந்தார். 1937 மே மாதம் விடுமுறையில் பார்சலோனா வந்தபோது, பிராங்கோவை எதிர்த்த அமைப்புகளே தெருவில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதைக் கண்டார். முன்னரங்கு திரும்பிய சில நாட்களில், மே 20 அன்று, தொண்டையில் சன்னம் பாய்ந்தது. ஜூன் நடுப்பகுதியில் அவர் சேர்ந்திருந்த கட்சி தடைசெய்யப்பட்டது. பிராங்கோவின் கைக்கூலிகள் என்று அதன் தோழர்கள்மீது குற்றம் சுமத்தப்பட்டது. தலைவர் அந்திரேஸ் நின் கடத்திக் கொல்லப்பட்டார். இளம் நண்பர் பொப் ஸ்மைலி வலென்சியாச் சிறையில் இறந்தார்.

இலண்டன் பத்திரிகைகளோ, நடக்காத சண்டைகளை நடந்ததாகவும், நடந்தவற்றை நடக்காததாகவும் எழுதின. தன் பக்கத்துக்கு நல்லது என்று நினைத்துப் பொய் எழுதுகிறவர், எதிரியின் பொய்யைவிட ஆழமான காயத்தைத் தன் மக்களுக்கே செய்கிறார் என்பது அவர் கண்ட பாடம். ஒரே தெருவில் ஒரே இலட்சியத்தின் பெயரால் துப்பாக்கிகள் திரும்பியதைப் பார்த்த சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவரது வழக்கமான பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ், ஸ்பெயின் நூலை அவர் எழுதி முடிப்பதற்கு முன்பே மறுத்துவிட்டார். 1938 ஏப்ரலில் செக்கர் அன்ட் வார்பேர்க் பதிப்பகம் அதை வெளியிட்டது. 1,500 பிரதிகள் அச்சடித்தார்கள். ஓர்வெல் இறக்கும்வரை அவை விற்றுத் தீரவில்லை. இன்று போர் பற்றிய மிகச் சிறந்த நூல்களில் ஒன்றாக மதிக்கப்படும் ‘கட்டலோனியாவுக்கு வந்தனம்’ அதுதான்.

அதே ஆண்டில் காசநோய் அவரைப் படுக்கையில் போட்டது. வெப்ப நாட்டில் தங்கினால் நல்லது என்றார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 300 பவுண் கொடுத்து அவரை மொரோக்கோவுக்கு அனுப்பினார். நாவலாசிரியர் எல். எச். மையர்ஸ்தான் கொடுத்தார் என்பது ஓர்வெலுக்குத் தெரியாது. அதை அவர் நன்கொடையாக எடுக்கவில்லை, கடனாக எழுதி வைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்துக் கையில் காசு வந்ததும், இடையில் நின்ற நண்பரின் மனைவி மூலமாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தின் தொடக்கத்தில் வீட்டை ஓட்டியது பெரும்பாலும் மனைவி ஐலீனின் சம்பளம். அவர் வேலை செய்த இடம் தகவல் அமைச்சின் தணிக்கைப் பிரிவு! கணவர் முடியாது என்று சொல்லக்கூடியதாக இருந்ததற்குப் பின்னால், மனைவி ஆம் என்று சொல்லிப் போன ஒரு வேலை இருந்தது. கொள்கைப் பிடிப்புள்ள பல எழுத்தாளர்களின் வீடுகளில் இதே கதைதான்.

வானொலியில் ஒரு பெயரின் விலை

1941 ஆகஸ்ட் 18 அன்று ஓர்வெல் பி.பி.சி.யின் கிழக்கத்தேயச் சேவையில் சேர்ந்தார். ஆண்டுக்கு 640 பவுண் சம்பளம். இந்தியாவுக்கான ஒலிபரப்பு அவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. யப்பானியரும் ஜேர்மனியரும் இந்திய மக்களை நோக்கி வானொலியில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வாராந்தப் போர்ச் செய்தி மடல்களை அவர் ஆங்கிலத்தில் எழுத, அவை குஜராத்தி, மராத்தி, வங்காளம், தமிழ் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாகின. மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி நாங்கள் காது கொடுத்துக் கேட்ட இலண்டன் தமிழ் ஒலிபரப்பின் தொடக்க நாட்களில், அந்தத் தமிழுக்குப் பின்னால் இருந்த கைகளில் ஒன்று ஓர்வெலுடையது. அவர் நடத்திய கவிதை நிகழ்ச்சியில் எலியட்டோடும் முல்க் ராஜ் ஆனந்தோடும் இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் கலந்துகொண்டார். அவர்கள் ஒன்றாக இருக்கும் 1942ஆம் ஆண்டின் படம் இன்றும் பிரசித்தம்.

பேரரசை வெறுத்தவர் பேரரசின் வானொலியில் எப்படி வேலை செய்தார்? நாசிசத்தைத் தோற்கடிப்பது அப்போதைய முதல் தேவை என்று அவர் நம்பினார். தான் உள்ளே இருப்பதால் அந்தப் பிரசாரம் கொஞ்சமாவது அருவருப்புக் குறைந்ததாக இருக்கிறது என்று நண்பர்களிடம் வாதாடினார். உள்ளே இருந்து திருத்துகிறேன் என்ற இந்த வாதம் எத்தனையோ பேர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வதுதான். ஆனால் ஓர்வெல் அதோடு நிறுத்தவில்லை.

தொடக்கத்தில் அவரது செய்தி மடல்களை வேறொருவர் வாசித்தார். 1942 ஒக்டோபரில், ஓர்வெல் என்ற பெயரிலேயே நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அவர் எழுத்தில் பதில் கொடுத்தார். இந்தியாவில் தன் பெயருக்கு ஏதாவது மதிப்பிருந்தால், அது பேரரசுக்கு எதிராகத் தான் எழுதிய, அங்கே தடைசெய்யப்பட்டுமிருக்கிற நூல்களால் வந்தது. அந்தப் பெயரில் பேசுவதென்றால் அந்த நம்பகத்தன்மையை விற்பதாகும். ஆகவே அரசாங்கத்தின் பேச்சாளராகத் தோன்றாத அளவுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது அதன் சாரம். உழைப்பை விற்பது ஒன்று, பெயரை விற்பது வேறொன்று என்று அவர் பிரித்தார். மேலும் முக்கியமானது, வேலை தொடங்கும் முன்பே நிபந்தனையை மேசையில் வைத்தார்.

1943 செப்டெம்பரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பி.பி.சி.யை அதில் திட்டவில்லை. தன்னை நன்றாகவே நடத்தினார்கள், மனச்சாட்சிக்கு விரோதமாகப் பேசச் சொல்லவில்லை என்று நேர்மையாக எழுதினார். பயனில்லாத வேலையில் தன் நேரத்தையும் மக்கள் பணத்தையும் வீணாக்குகிறேன் என்பதே அவர் சொன்ன காரணம். வேலை கொடுத்தவரைத் தூற்றாமலும் வேலையை விடலாம்.

வேறு வேலை பார், எழுத்தை விற்காதே

அதன் பின் ‘ட்ரிபியூன்’ வார இதழின் இலக்கிய ஆசிரியரானார். அந்த வேலைக்கு அவர் பொருத்தமானவர் அல்ல. வருகிற படைப்புகளைத் திருப்பியனுப்ப மனம் வராது. துண்டுக் கூலிக்கு எழுதுபவரின் வயிறு அவருக்குத் தெரியும். ஆனால் பத்தி எழுத்தில் அவர் இரக்கம் காட்டவில்லை. 1944இல் வார்சோ நகரம் நாசிகளுக்கு எதிராக எழுந்து தனித்து எரிந்தபோது, மொஸ்கோ சொன்னதையே பிரித்தானியப் பத்திரிகைகள் திருப்பிச் சொன்னதை அவர் கடுமையாகச் சாடினார்.

அந்த ஆண்டுதான் ‘விலங்குப் பண்ணை’யை எழுதி முடித்தார். பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். ஜொனதன் கேப் முதலில் ஏற்று, தகவல் அமைச்சின் அதிகாரி ஒருவரின் ஆலோசனைக்குப் பிறகு பின்வாங்கினார். பீட்டர் ஸ்மொலட் என்ற அந்த அதிகாரி சோவியத் உளவாளி என்பது பின்னர் தெரியவந்தது. யாரும் தடையுத்தரவு போடவில்லை. எல்லோரும் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். 1945 ஆகஸ்டில் வெளிவந்த நூல் அவரை உலகப் புகழாக்கியது. அதைப் பார்க்க ஐலீன் இருக்கவில்லை. மார்ச் மாதம் சத்திரசிகிச்சை மேசையில் அவர் இறந்துபோனார்.

அந்த நவம்பரில், கம்யூனிஸ்டுகளின் கொடுமைக்கு எதிரான கூட்டமொன்றில் பேசும்படி அத்தோல் சீமாட்டி அழைத்தார். சொல்லப்போகும் விடயங்கள் உண்மை என்று ஓர்வெல் ஏற்றார். ஆனால் ஐரோப்பாவில் ஜனநாயகம் கேட்டுக்கொண்டு, இந்தியாவில் பிரித்தானியா செய்வதைப் பற்றி மௌனமாக இருக்கும் அமைப்பின் மேடையில் ஏற முடியாது என்று மறுத்தார். ஒரு நிறுவனம் என்ன சொல்கிறது என்பதை மட்டுமல்ல, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்த்தே அவர் முடிவெடுத்தார்.

1946இல் ‘ஹொரைசன்’ இதழ் எழுத்தாளர்களிடம் பிழைப்புப் பற்றிக் கேள்விகள் கேட்டது. திருமணமான எழுத்தாளருக்கு வரி போக வாரம் 10 பவுணாவது வேண்டும் என்று தொகை குறிப்பிட்டே பதில் எழுதினார். புனிதமான வறுமை என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. பக்கத் தொழில் ஒன்று தேவையென்றால், அது எழுத்தோடு சம்பந்தமில்லாததாக இருக்க வேண்டும் என்றார். வங்கி எழுதுவினைஞர், காப்புறுதி முகவர் போன்ற வேலைகள் நல்லவை. நிறுவனங்களுக்குப் பிரசாரம் எழுதுவது போன்ற பாதி இலக்கிய வேலைகளோ, உண்மையான எழுத்துக்குத் தேவையான அதே சக்தியைக் குடித்துவிடும். அவரே பல ஆண்டுகள் வாரம் ஒன்றுக்குப் பல நூல்களை விமர்சித்துச் சலித்தவர். சொல்லத் தகுதி இருந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் காசு கேட்டவருமல்ல. போருக்குப் பின் ஜேர்மனியின் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியர்களுக்காக ‘விலங்குப் பண்ணை’ மொழிபெயர்க்கப்பட்டபோது ஒரு சதமும் வாங்கவில்லை. 1947இல் அதற்கென்று தனியாக முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். மூனிச்சில் அமெரிக்க இராணுவ அதிகாரிகள் சுமார் 1,500 பிரதிகளைப் பறித்துச் சோவியத் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஏறத்தாழ 2,000 பிரதிகள் முகாம் மக்களின் கைக்குப் போய்விட்டன. அவர் வாங்கிய எந்தக் கூலியையும்விட அது பெரியது.

மறுப்பும் சறுக்கலும்

1949இல் ‘1984’ அச்சுக்குப் போனது. அமெரிக்காவின் பெரிய நூல் கழகம் ஒன்று அதை எடுக்க முன்வந்து, இரண்டு பெரும் பகுதிகளை நீக்கச் சொன்னது. மறுத்தால் சுமார் 40,000 பவுண் போகலாம். ஓர்வெல் அப்போது காசநோய் மருத்துவ நிலையத்தில் சாவோடு மல்லாடிக்கொண்டிருந்தார். வளர்ப்பு மகனுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அவர் மறுத்தார். கழகம் இறங்கி வந்து நூலை முழுதாக எடுத்தது. எடுக்காமலும் போயிருக்கலாம். அது தெரிந்துதான் மறுத்தார்.

அதே மாதங்களில், அதே படுக்கையில், அவர் செய்த இன்னொரு காரியத்தை மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரத்துக்கென ஓர் இரகசியப் பிரிவை அமைத்திருந்தது. அங்கே வேலை செய்த அவரது தோழி சீலியா கேர்வன் மார்ச் மாதம் வந்து பார்த்தார். கட்டுரை எழுத முடியாது என்றார் ஓர்வெல். நோய் ஒரு காரணம். பிறர் சொல்லி எழுதினால் எழுத்து நன்றாக வராது என்பது மற்றது. ஆனால் பிறகு 38 பேரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாய்ந்தவர்கள், அந்தப் பிரிவு எழுத்து வேலை கொடுக்க நம்பக்கூடாதவர்கள் என்பது அதன் பொருள். அதில் ஸ்மொலட்டும் இருந்தார், கிங்ஸ்லி மார்ட்டினும் இருந்தார். அவர் வைத்திருந்த பெரிய குறிப்பேட்டில் சிலரின் இனம் பற்றிய குறிப்புகளும் இருந்தன. பட்டியல் முழுதாக வெளியானது 2003இல்.

அந்தப் பட்டியலால் யாரும் சிறை போனதாக இல்லை. வேலை கொடுக்க வேண்டாம் என்ற ஆலோசனைதான் என்பார்கள் அவரைக் காப்பவர்கள். ஆனால் ‘தலையாட்டி’ என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பெயர் அரசின் கோப்புக்குள் போன பிறகு, அது எங்கே போய் நிற்கும் என்பதைக் கொடுத்தவர் தீர்மானிப்பதில்லை. காசுக்கு எழுத மறுத்தவர், காசே வாங்காமல், நட்புக்காகவும் நம்பிக்கைக்காகவும் அந்தக் கோட்டைத் தாண்டினார். எழுத்தாளரை வாங்குவதற்குப் பணம் மட்டும்தான் வழி என்று நினைப்பது தவறு.

1950 ஜனவரி 21 அன்று இலண்டன் வைத்தியசாலையில் நுரையீரலில் இரத்தம் பெருகி அவர் இறந்தார். வயது 46. கல்லறையில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. விற்க மறுத்த அந்தப் பெயர் அங்கே இல்லை.

நான்கு ஆண்டுகளில் ‘விலங்குப் பண்ணை’ கார்ட்டூன் படமாக வந்தது. பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யிடமிருந்து வந்தது. நூலின் முடிவில் பன்றிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு தெரியாமல் விலங்குகள் திகைத்து நிற்கின்றன. படத்தில் அவை பன்றிகளுக்கு எதிராக எழுகின்றன. பணம் கொடுத்தவர்களுக்கு மனிதனும் பன்றியும் ஒன்று என்ற முடிவு வேண்டியிருக்கவில்லை. ஒரு வரியைக்கூட வெட்ட விடாத மனிதர் கண்ணை மூடியதும் அவரது கதையின் வாலே மாறிப்போனது.

நாளைக்கும் யாரோ ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வரும். மீள்குடியேறிய கிராமமொன்றின் வெற்றிக் கதையை எழுதித் தரவேண்டும், கிணறு உப்பாகிப்போனதை எழுத வேண்டாம் என்பார்கள். வாடகைக்குக் காசு தேவையாக இருக்கும். எடுப்பதா விடுவதா என்பதை அவரவர் அடுப்படியை அறிந்தவர்கள்தான் முடிவு செய்யலாம். ஆனால் சில கேள்விகளை ஓர்வெல் எங்களுக்கு விட்டுச் சென்றிருக்கிறார். இந்தக் காசு நான் எழுதுவதற்கா, எழுதாமல் விடுவதற்கா? என் உழைப்பைக் கேட்கிறார்களா, என் பெயரையா? நிபந்தனையை முன்பே சொன்னேனா? இதில் வரும் மனிதர்களுக்கு என் எழுத்தால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்வியில் அவரே தவறினார். அதனால்தான் அதை நாம் முதலில் கேட்க வேண்டும்.